டிரம் நிறைகிற வரை

வாளி தண்ணீரில் தட்டுகிற சத்தம் கேட்ட பிறகும் மாயக்காள் இன்னும் இரண்டு முழம் கயிற்றை விட்டாள். மேலாக மொண்டால் பாதி வாளிதான் வரும். புதுப் பைசா புழக்கத்துக்கு வந்த வருஷத்துக் கோடை அது. திண்டுக்கல்லில் கிணறுகள் ஒவ்வொன்றாக வறண்டு போக, தோல் பதனிடுகிற தோல்ஷாப்புகளுக்குப் பின்னால் இருந்த இந்த ஒரு கிணறு மட்டும் யார் செய்த புண்ணியமோ ஊறிக்கொண்டிருந்தது. இங்கிருந்து தர்ம ஆஸ்பத்திரிக்குத் தண்ணீர் சுமப்பதுதான் மாயக்காளுக்கும் பொன்னழகுக்கும் பிழைப்பு.

ஆஸ்பத்திரியில் இரண்டு தகர டிரம்கள். ஆண்கள் வார்டுக்குள் ஒன்று, பெண்கள் வார்டுக்குள் ஒன்று. ஆண்கள் வார்டில் பொம்பளை தண்ணீர் ஊற்றக் கூடாது, பெண்கள் வார்டில் ஆம்பளை கால் வைக்கக் கூடாது. இரண்டு பேரை வைத்து வேலை வாங்க மேனேஜருக்கு மனசு வரவில்லை. அப்போதுதான் பெண்கள் வார்டு ஆயா முத்துப்பேச்சி இவர்களைக் கூட்டிக்கொண்டு போய் நிறுத்தினாள். ஆணாய்ப் பிறந்து, சேலை கட்டிக்கொண்டு, ஊரை விட்டு வந்தவர்கள். "இதுக ரெண்டு பக்கமும் போகலாம்ல, யாரு என்ன சொல்லப் போறா?" என்று அவள் சிரிக்க, மேனேஜரும் சிரிக்க, வேலை கிடைத்துவிட்டது. ஒரு ஆள் கூலிதான், அதை இரண்டு பேரும் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். போகட்டும், சந்தையில் கைதட்டிக் கேட்கிற பிழைப்புக்கு இது எவ்வளவோ மேல் என்று மாயக்காள் நினைத்தாள்.

அன்றைக்குப் பொன்னழகு குடத்தைத் தூக்கவில்லை. கிணற்று மேட்டில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள்.

"என்னடி, எழவு வீட்டுல ஒக்காந்த மாதிரி ஒக்காந்திருக்க?"

"வாயத் தொறக்க வரலக்கா." பல்லுக்கு நடுவில் சொன்னாள். "இட்லியப் பிட்டு வாயில வைக்க முடியல. கழுத்தெல்லாம் கட்டையா இருக்கு."

"நல்லதாப் போச்சு. செத்த நேரம் நீ பேசாம இருந்தா ஊரு நிம்மதியா இருக்கும்."

சொல்லிவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். பொன்னழகு சிரித்துக்கொண்டிருப்பது போல இருந்தது. உதடு இரண்டு பக்கமும் இழுத்துக்கொண்டு பல் தெரிந்தது. ஆனால் கண்ணில் சிரிப்பு இல்லை, பயம்தான் இருந்தது. மாயக்காளின் கையிலிருந்து கயிறு நழுவி வாளி மறுபடி தண்ணீரில் விழுந்தது.

"ஆத்தி! காலைக் காட்டு."

குதிகாலில் கறுத்துப்போன ஒரு வடு. கிணற்றுப் பாதையில், தோல்ஷாப்புக் குப்பையில் கிடந்த துருப்பிடித்த பீப்பாய்ப் பட்டை குத்திய இடம். குத்திய அன்றே ஆஸ்பத்திரிக்குப் போனாள் பொன்னழகு. முன்வாசலில் இரண்டு வரிசை. பொம்பளைகள் வரிசையில் நின்றவளை, "அங்கிட்டுப் போ" என்று விரட்டினார்கள். ஆம்பளைகள் வரிசையில் நின்றாள். பின்னால் நின்றவன் இடுப்பைக் கிள்ளினான், முன்னால் நின்றவன் திரும்பிப் பார்த்து இளித்தான். போதும் சாமி என்று வந்து சுண்ணாம்பையும் புகையிலையையும் கசக்கி அப்பிக்கொண்டாள். புண் மேலே மூடிக்கொண்டது. ஆறிவிட்டது என்று இரண்டு பேரும் நினைத்தார்கள்.

"எந்திரி. போவோம்."

"அந்த வரிசையில நான் நிக்க மாட்டேன்."

"வரிசை எதுக்கு? நம்ம ஆஸ்பத்திரிடி. நம்ம தண்ணியத்தான் அம்புட்டுப் பேரும் குடிக்கிறாக. பின்வாசல் வழியாப் போவோம், நம்மளத் தெரியாதா அவகளுக்கு?"

அதை மாயக்காள் மனசார நம்பினாள். ஒரு குடத்தைத் தான் எடுத்துக்கொண்டு, காலிக் குடம் ஒன்றைப் பொன்னழகின் இடுப்பில் வைத்துவிட்டாள். பின்வாசல் வாட்ச்மேன் குடத்தைப் பார்த்தான், முகத்தைப் பார்க்கவில்லை, கேட்டைத் திறந்தான்.

இரண்டு வார்டுகளுக்கும் நடுவில் ஒரு நீள வராந்தா. அதில் போய்ப் பொன்னழகு விழுந்தாள். குடம் உருண்டு தூணில் மோதி 'ணங்' என்றது. அந்தச் சத்தத்துக்கு அவள் உடம்பு குதிகாலும் பிடரியும் மட்டும் தரையில் பட வில்லாய் வளைந்தது. பெண்கள் வார்டு ஜன்னலில் தலைகள் தெரிந்தன. கம்பவுண்டர் சூசைமாணிக்கம் ஓடி வந்து பார்த்துவிட்டு, அந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்த டாக்டரைக் கூப்பிட்டார்.

டாக்டர் சின்ன வயசுக்காரர். நல்ல மனுஷன் என்றுதான் பேர். குனிந்து தாடையைத் தொட்டார், காலைப் பார்த்தார். "ரண ஜன்னி, டெட்டனஸ். அட்மிட் பண்ணி ஊசி போடுங்க. இருட்டா, சத்தமில்லாத எடமாப் பாத்துப் படுக்க வைங்க" என்றார்.

"எந்த வார்டுல சார்?"

டாக்டர் பொன்னழகின் சேலையைப் பார்த்தார். அவள் முகத்தைப் பார்த்தார். அவருக்குக் காதெல்லாம் சிவந்து போயிற்று. "நீங்களே பாத்து ஏதாவது பண்ணுங்க" என்று சொல்லிவிட்டு ஆபரேஷன் அறைப் பக்கம் நடந்தார்.

"ஐயா, சட்டுனு ஊசியப் போடுங்கய்யா" என்றாள் மாயக்காள்.

"கட்டில் குடுத்தாத்தான் ஊசி. அதான் இங்க முறை. சேலை கட்டுன ஆள எப்படி நான் ஆம்பளை வார்டுல போடுறது? முத்துப்பேச்சி, நீ ஒன் வார்டுல எடுத்துக்க" என்றார் கம்பவுண்டர்.

"நல்லாருக்கே கத!" என்றாள் வார்டு வாசலில் நின்ற ஆயா. "பிள்ளை பெத்தவ மாராப்பு வெலகிக் கெடப்பா, அங்க கொண்டாந்து இதப் போடவா?"

"தெனமும் ஒன் வார்டுக்குள்ள வந்து தண்ணி ஊத்துறவதானக்கா? அப்பெல்லாம் மாராப்பு வெலகலையா?" என்று கேட்டாள் மாயக்காள்.

"தண்ணி ஊத்துறது வேற, படுத்துக் கெடக்குறது வேற."

ஜன்னலோரக் கட்டிலில் இருந்து கமர்ஜஹான் என்ற பெண் எழுந்து உட்கார்ந்தாள். பேகம்பூர்க்காரி, வயிற்று ஆபரேஷன் ஆனவள். "என்னாம்மா ஞாயம் இது? நாம குடிக்கிறது அந்தப் பிள்ளை கொண்டாந்த தண்ணி. எங் கட்டிலுக்குப் பக்கத்துல போடுங்க, நான் ஒண்ணும் சொல்லல."

"நீ சொல்லுவ தாயி. சாயங்காலம் ஒன் வீட்டுக்காரரு வந்து, என் பொண்டாட்டி பக்கத்துல எவனப் படுக்க வச்சேன்னு கேட்டா, என் வேலைதான் போகும்."

கமர்ஜஹான் தன் வெள்ளைத் துப்பட்டியை ஜன்னல் கம்பி வழியாக நீட்டினாள். "மூஞ்சியில வெயில் அடிக்குது பாரு. இதக் கட்டு." மாயக்காள் அதைத் தூணுக்குத் தூண் இழுத்துக் கட்டினாள்.

அன்று முழுக்கப் பொன்னழகு வராந்தாவில் கிடந்தாள். ஆண்கள் வார்டுக்குப் பால் போயிற்று, பெண்கள் வார்டுக்குப் பால் போயிற்று. செருப்புச் சத்தம் கேட்கும்போதெல்லாம் அவள் வளைந்தாள். நாலு தடவை மாயக்காள் கம்பவுண்டரின் காலில் விழுந்தாள். மனுஷனுக்கும் சங்கடம்தான். மறுநாள் காலையில் கையில் பேண்டேஜ் வெட்டுகிற கத்திரிக்கோலோடு வந்தார்.

"ஒரே வழிதான் இருக்கு. முடிய வெட்டு. வேட்டி தாரேன், கட்டிவிடு. ஆம்பளையாக் கொண்டு வந்தா நான் கட்டில் தாரேன். யாரும் கேக்க மாட்டாக."

மாயக்காள் கத்திரிக்கோலைப் பார்த்தாள். பொன்னழகுக்கு இடுப்புக்குக் கீழே தொங்குகிற முடி. சேவுகம்பட்டியில் அவள் அப்பன், ஊர் பார்க்கக் கிணற்றடியில் கட்டிவைத்து அவளுக்கு மொட்டை அடித்தான். அன்றைக்கு ராத்திரியே ஓடி வந்தவள். கடைசிக் குடத்துத் தண்ணீரில் தலையை அலசும்போதெல்லாம் ஒரே பேச்சுதான். 'செத்தாலும் சரிக்கா, இனி ஒருத்தன் இந்த முடியில கை வைக்க விட மாட்டேன்.'

"பொன்னு, கேக்குதா? உசுரு இருந்தா மசுரு தானா மொளைக்கும்டி. வெட்டட்டுமா?"

பொன்னழகால் பேச முடியவில்லை. அவள் கை மெல்ல ஊர்ந்து போய்ச் சடையைப் பிடித்துக்கொண்டது. கண் மாயக்காளையே பார்த்தது. மாயக்காள் அந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். "என்ன மன்னிச்சிரு தாயி, என்ன மன்னிச்சிரு" என்று சொல்லிக்கொண்டே வெட்டினாள். பேண்டேஜ் கத்திரிக்கோல் மொண்ணை. முடி நறுக்கு நறுக்காகத்தான் வந்தது.

"பேரு?" என்றார் கம்பவுண்டர்.

"பொன்னழகு."

"அப்பன் வச்ச பேரச் சொல்லு."

மாயக்காள் குரலைத் தாழ்த்திச் சொன்னாள். "மொக்கைச்சாமி."

கட்டில் கிடைத்தது. ஊசியும் போட்டார்கள். டிரம்முக்கு எதிரில், சுவரோரக் கட்டில். அதற்குப் பின் மாயக்காளை வெளியே போகச் சொன்னார்கள்.

"நான் தொணைக்கு இருக்கேன்யா. வாயில பால் விடணும்ல."

"இது ஆம்பளை வார்டு. ஒருத்தர உள்ள விட்டதுக்கே நான் என்ன பதில் சொல்லப் போறேனோ? நீயும் இங்க ஒக்காந்தா விஷயம் வெளிய வந்துரும். போ, போய்த் தண்ணியக் கொண்டா, டிரம் காலியாக் கெடக்கு."

தண்ணீர்! மாயக்காளுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. கிணற்றுக்கு ஓடினாள். குடத்தோடு வந்தவளை யாரும் தடுக்கவில்லை. டிரம்முக்கு முன்னால் நின்று, கட்டிலைப் பார்த்துக்கொண்டே குடத்தைக் கவிழ்த்தாள். வெறுந்தகரத்தில் தண்ணீர் தடதடவென்று விழுந்தது.

கட்டில் கிறீச்சிட்டது. பொன்னழகு வளைந்துவிட்டாள். பல் நறநறவென்று அரைபட்டது, வாயோரம் ரத்தம் கசிந்தது.

"ஏலே, சத்தம் போடாத! சத்தம் கேட்டாத்தான் இழுக்குது" என்று கம்பவுண்டர் சத்தம் போட்டார். அதற்கும் ஒரு தடவை இழுத்தது.

பொன்னழகைப் பார்க்க வேண்டுமென்றால் தண்ணீர் ஊற்ற வேண்டும், தண்ணீர் ஊற்றினால் அவளுக்கு இழுக்கிறது. கடவுளுக்குக் கண் அவிந்துதான் போயிற்று. அடுத்த குடத்துக்கு மாயக்காள் டிரம்மோடு ஒட்டி நின்றாள். குடத்து வாயைத் தகரத்தோடு சேர்த்து வைத்துத் துளித்துளியாகச் சரித்தாள். தண்ணீர் உள்சுவரோடு வழிந்து சத்தமே இல்லாமல் இறங்கியது. தோள் கடுத்தது, கை மரத்தது. ஆனாலும் ஒரு குடம் தீர அவ்வளவு நேரம் பிடித்தது அவளுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அந்த நேரம் முழுக்கப் பொன்னழகைப் பார்க்கலாம். ஒரு தடவை பொன்னழகின் கண் திரும்பி இவளைக் கண்டுகொண்டது. கோபமில்லை. மாயக்காள் உதட்டை மட்டும் அசைத்தாள், "இருக்கேன்டி, இங்கனதான் இருக்கேன்."

போனாள், வந்தாள், போனாள், வந்தாள். பக்கத்துக் கட்டில்காரன்கூட, "என்ன, இன்னிக்கி இம்புட்டுத் தண்ணி?" என்று கேட்டான். கடைசியில் தண்ணீர் விளிம்பைத் தொட்டு நின்றது. ஒரு சொம்பு மொண்டு வெளியே ஊற்றிவிடலாமா என்று அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கம்பவுண்டர் வந்துவிட்டார்.

"அதான் நெறைஞ்சிருச்சுல்ல. இன்னும் என்ன நிக்கிற?"

"இன்னும் ஒரு நடை..."

"எதுல ஊத்துவ, என் தலையிலயா? கெளம்பு. வேணும்னா நானே கூப்புடுறேன்."

மாயக்காள் பின்வாசலுக்கு வெளியே வேப்பமரத்தடியில் காலிக் குடத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். வார்டில் எல்லாரும் நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டாள். மத்தியான வெயில் நிழலைத் தின்றது. வண்டி ஒன்று உள்ளே போனது, கொஞ்ச நேரத்தில் வெளியே வந்தது. அதில் ஏதோ பாயில் சுற்றிக் கிடந்தது. தினமும் எத்தனையோ வண்டி வருகிறது, அவள் கேட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெயில் தாழ்ந்த நேரத்தில் கம்பவுண்டரின் குரல் கேட்டது. "ஏய், தண்ணி கொண்டா!"

மாயக்காள் ஓடினாள். கிணற்றடியில் கால் தடுக்கி முட்டி சிராய்ந்ததுகூடத் தெரியவில்லை. குடத்தைச் சுமந்து வந்து, நேராக டிரம்மண்டை போய், குடத்து வாயைத் தகரத்தோடு ஒட்டினாள். டிரம் ததும்பத் ததும்ப நிறைந்து அப்படியே இருந்தது.

"அதுல ஊத்தாத" என்றார் சூசைமாணிக்கம். அவள் முகத்தைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தார். "இங்க ஊத்து. கட்டில் கழுவணும். அடுத்த ஆளு காத்திருக்காரு."

கட்டிலில் மெத்தை இல்லை. இரும்புச் சட்டம் மட்டும் இருந்தது.

"எங்கய்யா எம் பிள்ள?"

"வண்டியில போயிருச்சு. சொந்தக்காரக யாரும் இல்லாத பொணத்த வச்சிருக்க முடியாதுல்ல."

"வாசல்லதானய்யா நான் ஒக்காந்திருந்தேன்! என் கண்ணு முன்னாலயா கொண்டு போனீக?"

பக்கத்துக் கட்டில்காரன் அந்தப் பக்கம் திரும்பிப் படுத்தான்.

மாயக்காள் குடத்தைத் தோளுக்கு மேலே தூக்கி, உயரத்திலிருந்து கவிழ்த்தாள். இரும்பில் விழுந்து தண்ணீர் வார்டு அதிரச் சத்தம் போட்டது. யாருக்கும் இழுக்கவில்லை. கட்டிலுக்கடியில் ஓடிய தண்ணீரில் பொன்னழகின் கழுத்தில் ஒட்டி வந்து உதிர்ந்த முடித் துணுக்குகள் மிதந்து, சுற்றி, ஜலதாரைப் பக்கம் போயின.

"பத்தாது. இன்னும் ரெண்டு குடம் வேணும்" என்றார் கம்பவுண்டர்.

அவள் காலிக் குடத்தோடு வெளியே வந்தாள். குடத்தைப் பார்த்ததும் வாட்ச்மேன் எழுந்து கேட்டை அகலத் திறந்துவிட்டான்.