எழுபத்து நாலாம் டோன்

பாலிகே ஊர் தேவாலயத்துக்கு டிஜிட்டல் பியானோ வந்த வியாழக்கிழமை, மகளிர் பாடகர் குழுவில் ஒருத்தியும் பாடவில்லை. எந்த டோனில், அதாவது எந்த வாத்தியத்தின் குரலில், வாசிப்பது என்ற சண்டைக்கே நேரம் சரியாக இருந்தது.

"ஆர்கனை வை, லம்ரியா. கோயில்னா ஆர்கன்தான்," என்றாள் குழுத் தலைவி தியோமினார்.

"ஐயோ அண்ணி, அது சாவு வீடு மாதிரி அழுவுது. புல்லாங்குழல் வைக்கச் சொல்லுங்க," என்றாள் சௌர்மா.

லம்ரியா வைத்தாள்.

"ஏன், நாம என்ன எருமை மேய்க்கவா போறோம்?" தியோமினார் முகத்தைச் சுளித்தாள். வயலின் வைத்ததும் மூன்று பேர் கண்ணைத் துடைத்தார்கள். நாலாமவள் கொட்டாவி விட்டாள்.

லம்ரியா அடுத்த டோனைத் தேடினாள். இருபது வருஷத்துக்கு முன், கல்யாணமாகி வந்த புதிதில், ஆசை ஆசையாகக் குழுவில் சேர்ந்தாள். "உன் குரல் எண்ணெய் போடாத கதவு. நீ வாசி, நாங்க பாடிக்கிறோம்," என்று தியோமினார் அவளை ஓரங்கட்டிவிட்டாள். பாடாத பத்தாக் இனப் பெண் அந்த ஊரிலேயே அவள் ஒருத்திதான். பாட வேண்டும் என்ற ஆசை மட்டும் இன்னும் அவளை விட்டுப் போகவில்லை.

எழுபத்து நாலை அமுக்கினாள். பியானோவுக்குள்ளிருந்து நாற்பது பெண்கள் "ஆ..." என்றார்கள். அப்படி ஒரு சுருதி! லம்ரியாவுக்குப் புல்லரித்தது.

"அடிப்பாவி! நாங்க இங்க குத்துக்கல்லாட்டம் நிக்கிறோம், நீ மெஷினைப் பாட விடுறியா?" தியோமினார் கொதித்தாள். "இனி அதைத் தொட்டே, கையை ஒடிச்சிடுவேன். ஆர்கன்தான்!"

சனிக்கிழமை சௌர்மாவின் மகளுக்குக் கல்யாணம். குழு முழுவதும் அங்கேதான். காலையிலிருந்து பொழுது சாயும்வரை பன்றிக்கறி, கள், பாட்டு, சம்பந்திகளின் வாய்ச்சண்டை. பத்தாக் கல்யாணத்தில் கத்தாதவனை யார் சொந்தக்காரன் என்று மதிப்பார்கள்? லம்ரியா மட்டும் அங்கேயும் வாசித்துக்கொண்டுதான் இருந்தாள்.

ஞாயிறு ஆராதனையில் குழுவின் பதினாறு பேரும் எழுந்து நின்றார்கள். நேற்றுக் கத்தியதில் தன் தொண்டை போனால் என்ன, மற்றவர்கள் இருக்கிறார்களே என்று ஒவ்வொருத்தியும் நினைத்திருந்தாள். லம்ரியா ஆர்கன் டோனில் முதல் வரியை எடுத்துக் கொடுத்தாள். பதினாறு வாயிலிருந்தும் வெறும் காற்று வந்தது. பின்வரிசையில் யாரோ சிரித்தே விட்டார்கள்.

தியோமினாரின் முகத்தைப் பார்க்க லம்ரியாவுக்கே பாவமாக இருந்தது. கை ஒடிந்தாலும் பரவாயில்லை என்று எழுபத்து நாலை அமுக்கினாள். நாற்பது பெண்கள் கோயிலை நிறைத்தார்கள். ஆனால் அவர்களுக்கு "ஆ" மட்டும்தானே தெரியும்? பாட்டுக்கு வார்த்தை வேண்டாமா?

கர்த்தரே, ஆனது ஆகட்டும் என்று லம்ரியா வாயைத் திறந்தாள். குரல் கிறீச்சிட்டது. இரண்டாம் சரணத்தில் இன்னும் சத்தமாகக் கிறீச்சிட்டது. மூன்றாம் சரணத்தில் சபை முழுவதும் அவளோடு சேர்ந்து பாடியது.

ஆராதனை முடிந்ததும் தியோமினார் விடுவிடுவென்று பியானோவிடம் வந்தாள். திட்டத்தான் வாயைத் திறந்தாள், சத்தம் வரவில்லை. இதை விட்டால் இனி இப்படி ஒரு சந்தர்ப்பம் வாய்க்காது என்று லம்ரியாவுக்குத் தெரியும்.

"அடுத்த ஞாயிறு நான் எந்த வரிசையில நிக்கணும், அண்ணி?"

தியோமினார் முறைத்தாள். பிறகு சௌர்மாவை முழங்கையால் இடித்து நகர்த்தி, தன் வலப்பக்கத்தைக் காட்டினாள்.

"மெதுவாப் பாடித் தொலை," என்று கரகரத்தாள்.

லம்ரியாவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

"அது மட்டும் முடியாது, அண்ணி."