ஐலீன் வீட்டுப் படியில் ஓலே

ஐலீன் எழுந்து நின்றதுமே மார்லிஸுக்கு வயிறு எரிய ஆரம்பித்துவிட்டது. பிரசங்கத்துக்கு முன்னால் யார் வேண்டுமானாலும் எழுந்து, அந்த வாரம் ஆண்டவர் தனக்கு என்ன காட்டினார் என்று சாட்சி சொல்லலாம். வடக்கு மினசோட்டாவில் ஏரிக்கரையோரம் இருந்த அந்தச் சின்னச் சபையின் வழக்கம் அது. மற்றவர்கள் இடுப்பு வலி, பேரப்பிள்ளை என்று இரண்டு வரியில் முடித்து உட்கார்ந்துவிடுவார்கள். ஐலீன் மட்டும் பேச்சில் நாயைக் கொண்டுவருவாள்.

"செவ்வாக்கிழம காலையில ஓலே வந்து என் வீட்டுப் படியில உக்காந்தான். ரொட்டி குடுத்தேன், தொடல. பக்கத்துல உக்காருன்னு சொல்ற மாதிரி பாத்தான். உக்காந்தேன். ஆண்டவரும் நம்மகிட்ட ஒண்ணும் கேக்கல, சும்மா பக்கத்துல வந்து உக்காரத்தான் சொல்றாருன்னு அப்பத்தான் வெளங்குச்சு."

முன்வரிசையில் மூக்கு உறிஞ்சும் சத்தம். பாஸ்டரே கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ரொட்டியை அவன் ஏன் தொடப்போகிறான்! அரை மணி முன்னால்தான் மார்லிஸ் வீட்டில் வயிறு முட்டத் தின்றுவிட்டுப் போயிருக்கிறான். ஓலே மார்லிஸின் நாய். உண்ணி பிடுங்குகிறவள் அவள். செத்த மீன்மேல் புரண்டுவிட்டு வந்தால் மூக்கைப் பொத்திக்கொண்டு கழுவுகிறவளும் அவள்தான். ஒன்பது வருஷத்தில் கடவுள் அந்த நாய் வழியாக அவளிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. தங்கை இறந்த குளிர்காலத்தில், ஏதாவது ஒரு சொல் வராதா என்று சமையலறைத் தரையில் உட்கார்ந்து ஓலேயின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் கொட்டாவி விட்டான். பேசுவதெல்லாம் ரோட்டுக்கு அந்தப் பக்கம், ஐலீனிடம்தான்.

"என் நாய், அவளுக்கு அருள்வாக்கு. நான் என்ன பாவம் பண்ணேன்?" என்றாள் வண்டியில்.

"நீ வாய மூடுனாத்தானே அவரு பேச முடியும்?" என்றார் கணவர் கார்டன்.

"ரோட்டப் பாத்து ஓட்டுங்க."

மறுநாள் ஓலேயைச் சங்கிலியில் கட்டினாள். மான் வேட்டைக் காலம், எவனாவது சுட்டுத் தொலைப்பான் என்று காரணமும் சொன்னாள். வேட்டைக்காரர் கண்ணில் படட்டும் என்று வருஷாவருஷம் கட்டுகிற ஆரஞ்சுத் துணி போதாதா என்று கார்டன் கேட்டார். ஆறு நாளும் ஓலே எதிர்வீட்டைப் பார்த்தபடியே படுத்துக் கிடந்தான். மார்லிஸ் ஞாயிற்றுக்கிழமைக்காகக் காத்திருந்தாள். இப்போது என்னத்தைச் சொல்வாள், பார்க்கலாம்!

ஐலீன் எழுந்தாள். "இந்த வாரம் ஓலே வரல. வெறும் படியப் பாத்துக்கிட்டே காபி குடிச்சேன். வராதவங்களுக்கும் எடம் விட்டு வைன்னு ஆண்டவர் சொன்னாரு."

சபையே அழுதது. கார்டனும் கைக்குட்டையை எடுத்தார். துரோகி.

வீட்டுக்கு வந்ததும் மார்லிஸ் கோட்டைக்கூடக் கழற்றாமல் சங்கிலியை அவிழ்த்தாள். "போ! அவகிட்டயே போய்த் தொல!"

திரும்பிக்கூடப் பார்க்காமல் ஓடினான். ஆரஞ்சுத் துணி கட்டவில்லையே என்று அப்புறம்தான் உறைத்தது. துணியைக் கையில் எடுத்துக்கொண்டு, தன்னையே திட்டியபடி ஜன்னலருகே நின்றாள். ஒரு மணி நேரம் கழித்து ஐலீன் வீட்டுக்குப் பின்னால், காட்டுப்பக்கமிருந்து ஊளை கேட்டது. ஓலே பாய்ந்து வந்தான். மூக்கிலும் உதட்டிலும் முள்ளம்பன்றி முட்கள். பின்னாலேயே ஐலீன், வீட்டுச் செருப்போடு மூச்சிரைக்க ஓடிவந்தாள்.

மிருக வைத்தியரும் வேட்டைக்குப் போயிருப்பார். மார்லிஸ் கரண்டிகளுக்கு அடியிலிருந்து முள் பிடுங்கும் குறடு ஒன்றை எடுத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். ஓலே நடுங்கிக்கொண்டே வந்து அவள் மடியில் தலையை வைத்தான். முள்ளம்பன்றியிடம் அவன் மாட்டுவது இது மூன்றாவது தடவை.

வாசலில் கிடந்த சங்கிலியைத் தாண்டித்தான் ஐலீன் வந்திருக்க வேண்டும். அதைப் பற்றி அவள் கேட்கவில்லை.

"என் வீட்டுப் பின்னாலதான் மாட்டிக்கிட்டான்," என்றாள். "கூப்புட்டேன். கைய நீட்டுனேன். என்னத் தாண்டி ஓடி வந்துட்டான்." குனிந்து ஓலேயைத் தொடப் போனவள் கையை இழுத்துக்கொண்டாள். "சந்தோஷமா இருந்தா என்கிட்ட வர்றான். வலிச்சா உன்கிட்டதான் ஓடுறான். ஒவ்வொரு தடவையும் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்."

அது சாட்சி சொல்கிற குரல் இல்லை. ஞாயிற்றுக்கிழமைதோறும் வண்டியில் வீடு திரும்பும்போது மார்லிஸின் வாயிலிருந்து வருகிற அதே குரல். மார்லிஸ் கையை நிறுத்தி அவளை ஏறிட்டுப் பார்த்தாள்.

"நிக்காத. வாயப் பிடி."

ஐலீன் மண்டியிட்டுப் பிடித்தாள். பிடுங்கிய முட்கள் காபி டப்பாவில் ஒவ்வொன்றாக விழுந்தன.

"இத நீ சபையில சொல்லக் கூடாது," என்றாள் மார்லிஸ்.

"சொல்லல."

"இது என்னோடது."

"உன்னோடதுதான், தாயே. முள்ள எடு."

கடைசி முள் நாக்குக்கு அடியில் ஆழமாக இறங்கியிருந்தது. குறடு கிட்டே வந்ததும் ஓலே கண்களை இறுக மூடிக்கொண்டான். பிறகு மார்லிஸின் கைக்கு நேராக வாயை இன்னும் கொஞ்சம் திறந்தான்.