இருபது வினாடி விதி

ஒரு வீட்டில் ஒரே நேரத்தில் எத்தனை பேர் ஃபோன் பேசுவார்கள் என்ற கேள்விக்குக் கோபன்ஹேகன்காரரான ஓல்சன் "இரண்டு பேர்" என்று எழுதியிருந்தார். பிலிப்பைன்ஸின் லகூனாவில் பிறந்து வளர்ந்த ரோவீனா "எட்டுப் பேர், அதுவும் ஒரே ஆளிடம்" என்று எழுதியிருந்தாள். குழுக் கூட்டத்தில் அதை வாசித்தபோது எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ரோவீனா சிரிக்கவில்லை. தன் வீட்டை நினைத்துத்தான் அவள் எழுதியிருந்தாள்.

குழு என்றால் ஊர்க்குழு அல்ல. வீட்டுக்குள் கம்பியே இல்லாமல் பேச்சும் கணினித் தகவலும் பாட்டும் படமும் சண்டை போடாமல் ஓடுவதற்கு விதிகள் எழுதும் பொறியாளர் குழு. சண்டை போடாமல் ஓட வேண்டியவை அவைதானே தவிர, பொறியாளர்கள் அல்ல. மூன்று வருஷமாக ஓட்டல் ஓட்டலாகக் கூடி, ஆறிப்போன காபியைக் குடித்து, ஒரு காற்புள்ளிக்காக அரை நாள் மல்லுக்கட்டுவார்கள். அந்தக் கூட்டத்தில் தொண்டை கிழியக் கத்தி, எட்டு ஃபோன் என்பதை ரோவீனா எப்படியோ ஒப்புக்கொள்ள வைத்துவிட்டாள். ஓல்சன் சும்மா இருப்பாரா? அதன் வாலில் ஒரு விதியைக் கட்டிவிட்டார். ஒரு ஃபோனில் இருபது வினாடி யாரும் பேசாவிட்டால் அதன் இணைப்பைத் துண்டித்து, அந்த இடத்தைப் பாட்டுக்கும் படத்துக்கும் கொடுத்துவிட வேண்டும். துண்டிக்கப்பட்டவர் மறுபடி அந்தப் பேச்சில் சேர முடியாது.

"பேசாதவங்களுக்கு எதுக்குங்க ஃபோன்?" என்றார் ஓல்சன்.

"கேக்கறதுக்கு சார்!"

"இருபது வினாடி வாயைத் தொறக்காம கேக்கற மனுஷங்களை நான் பாத்ததே இல்லையே. காட்டுங்களேன் பாக்கலாம்."

ரோவீனா காட்டுகிறேன் என்று சொல்லிவிட்டாள். அவளுக்குத் தெரிந்த அந்த மனுஷி அவளுடைய அம்மா பெர்லா.

ரோவீனாவின் தம்பி ரெனான்ட்டே கப்பலில் எஞ்சினுக்கு எண்ணெய் போடுகிறவன். ஏதாவது துறைமுகத்தில் இறங்கினால் பன்னிரண்டு நிமிஷ ஃபோன் அட்டை ஒன்றை வாங்கி வீட்டைக் கூப்பிடுவான். கூப்பிட்டால் ஃபோன் கை மாறும். அத்தை பேசி, மாமா பேசி, அண்டை வீட்டுக்காரி பேசி, மீன் விற்க வந்தவள்கூட ஒரு வார்த்தை விசாரித்துவிட்டுத்தான் கொடுப்பாள். பெர்லா ஒவ்வொருவரிடமும் "நீ பேசு, நீ பேசு" என்று நீட்டிவிட்டுக் கடைசியில் தான் வாங்குவாள். வாங்கிக் காதில் வைத்ததும் அட்டை தீர்ந்துவிடும். இப்படியே மூன்று வருஷமாக மகனின் குரலை அவள் ஒரு நிமிஷம் சேர்ந்தாற்போலக் கேட்டதில்லை. எட்டுப் பேரும் ஒரே நேரத்தில் ஒரே பேச்சில் சேர்ந்துகொண்டால் அம்மா காத்திருக்க வேண்டாமே என்றுதான் ரோவீனா எட்டுக்கு அடித்துக்கொண்டாள். இருபது வினாடி விதி வந்தால் அதுவும் போச்சு. மகன் குரலைக் கேட்டால் அம்மாவுக்கு வாய் அடைத்துப்போகும்.

சோதனைக்கு ரோவீனா தேர்ந்தெடுத்தது தன் வீட்டை; நாள், ஊர்ப் புனிதர் சான் இசித்ரோவின் திருவிழா. அன்று எந்த வீட்டுக்குள் யார் நுழைந்தாலும் தட்டை நீட்டியாக வேண்டும். ஓல்சன் நுழைந்த பத்து நிமிஷத்துக்குள் அவர் முன்னால் மூன்று தட்டு இருந்தது. ஒன்றில் சுட்ட பன்றியின் மொறுமொறுத் தோல், ஒன்றில் நூடுல்ஸ், ஒன்றில் என்னவென்று அவர் கேட்கத் துணியாத ஏதோ ஒன்று. கூடத்தின் மூலையில் எட்டு ஃபோனையும் இணைக்கும் பெட்டியை வைத்து, எட்டு ஃபோன்களை எட்டுப் பேர் கையில் கொடுத்து, தன் மடிக்கணினியைத் திறந்துவைத்தார். திரையில் எட்டுக் கோடுகள். ஒவ்வொரு கோட்டின் பக்கத்திலும் அந்த ஃபோன்காரர் எத்தனை வினாடியாக வாய் மூடியிருக்கிறார் என்ற எண்.

"பதினொண்ணுலேருந்து பன்னிரண்டு வரை சோதனை" என்றார். "அதுவரைக்கும் பெட்டியை யாரும் தொடக் கூடாது, நான் உட்பட. ரோவீனா யாருக்கும் எதுவும் சொல்லிக்குடுக்கக் கூடாது. கேட்டுக்கிட்டிருக்கற ஒருத்தருக்கு லைன் கட்டாச்சுன்னா என் விதியை நானே அடிச்சிடறேன். ஒண்ணும் ஆகலேன்னா அச்சுக்குப் போயிடும். சரியா?"

"சரி" என்றாள் ரோவீனா. ஜெயித்துவிட்ட மாதிரியே இருந்தது அவளுக்கு.

ஆனால் அவள் தலைவிதி வேறு மாதிரி இருந்தது. போன வாரம் அவள் கவலையோடு "இருபது வினாடி பேசலேன்னா கட்டாயிடுமாம்" என்று வீட்டில் புலம்பியிருந்தாள். அதை வீட்டார் தங்கள் வழியில் புரிந்துகொண்டார்கள். வெள்ளைக்காரர் முன்னால் ஃபோன் கட்டானால் நம் பெண்ணுக்கு அவமானம். ஆகையால் ஒருவரும் வாயை மூடக் கூடாது. ரகசியமாகக் கூடிப் பேசி, ஆளுக்கு என்ன பேசுவது என்றுகூடப் பங்கு பிரித்திருந்தார்கள்.

பதினொன்று அடித்ததும் ஆரம்பித்தார்கள் பாருங்கள்! ஃபிதெலா அத்தை கூடத்திலிருந்து சமையலறை ஃபோனுக்கு ஜெபமாலையை முதல் மணியிலிருந்து சொல்ல ஆரம்பித்தாள். சமையலறையில் இருந்த சின்னம்மா பதிலுக்குச் செய்தித்தாளின் வாடகை விளம்பரங்களை வாசித்தாள். நெமெசியோ மாமா ஒரு கையில் ஃபோனும் மறு கையில் மைக்குமாக, கரோக்கே பாட்டு மெஷினில் ஓடும் வரிகளைப் பார்த்துப் பாடிக்கொண்டே, இடையிசை வரும்போதெல்லாம் ஃபோனில் தன் சண்டைச் சேவல்களின் பரம்பரையை விவரித்தார். மாடியில் ஒருத்தி வாய்ப்பாடு ஒப்பித்தாள். பெர்லாகூடத் தன் பங்குக்குச் சமையல் குறிப்புகளை விடாமல் சொல்லிக்கொண்டிருந்தாள். எண்கள் ஒன்று, இரண்டு என்று எட்டிப் பார்த்துவிட்டுப் பூஜ்யத்துக்கே ஓடின.

"அத்தை, நீங்க மூச்சு விடலாம்" என்றாள் ரோவீனா, பொறுக்க முடியாமல்.

"சொல்லிக்குடுக்கக் கூடாது" என்றார் ஓல்சன்.

அத்தை ஜெபத்தை நிறுத்தாமலே ரோவீனாவைப் பார்த்துக் கண்ணடித்தாள். நீ ஒன்றும் கவலைப்படாதே, நான் இருக்கிறேன் என்று அதற்கு அர்த்தம். ரோவீனாவுக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. தன்மேல் உள்ள பாசத்தாலேயே தன்னைக் கவிழ்க்கிறார்களே என்று தலையில் கைவைத்துக்கொண்டாள். பன்றித் தோலைக் கடித்தபடி ஓல்சன் குறிப்பேட்டில் எழுதினார்: "நாற்பது நிமிடம். துண்டிப்பு இல்லை."

அப்போதுதான் வெளி அழைப்பு வந்தது.

"டேய், நம்ம ரெனான்ட்டேடா! டர்பன் துறைமுகத்துலேருந்து கூப்பிடறான்!" என்று நெமெசியோ மாமா மைக்கிலேயே கத்தினார். தெருக்கோடி வரை கேட்டிருக்கும். எட்டுப் பேரும் பொத்தானை அழுத்திப் பேச்சில் குதித்தார்கள். ஜெபமாலை நின்றது, வாய்ப்பாடு நின்றது, வாடகை வீடுகள் எக்கேடோ கெட்டன.

"எப்படிடா இருக்கே? இளைச்சுட்டியா?"

"ஃபோன்ல எப்படி அத்தை தெரியும்?"

"குரல் இளைச்சிருக்கே!"

"மாமா, நீங்க பாடறது இங்க டர்பன் வரைக்கும் அபஸ்வரமாத்தான் கேக்குது!"

"போடா, என் பாட்டுக்கு மெஷின் தொண்ணூத்தெட்டு மார்க் குடுத்திருக்கு!"

பெர்லா வழக்கப்படி தன் ஃபோனைப் பக்கத்திலிருந்தவரிடம் நீட்டினாள். "நீ பேசு." அவரிடம் ஒன்று இருந்தது. அடுத்தவளிடம் நீட்டினாள். அவளிடமும் ஒன்று இருந்தது. கடைசியில் விருந்தாளிக்கு மரியாதை செய்வோம் என்று ஓல்சனிடமே நீட்டினாள். அவர் பதறிப்போய் கையை ஆட்டி மறுத்தார். வாங்கிக்கொள்ள ஆளே இல்லாமல் போக, அவள் சத்தத்திலிருந்து தப்பித்துக் கொல்லைப்புறத் தண்ணீர்த் தொட்டி ஓரம் போய், மறு காதைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

"அம்மா எங்க?" என்றான் ரெனான்ட்டே.

"லைன்லதாண்டா இருக்கா! நீ சொல்லு!"

அவன் சொல்ல ஆரம்பித்தான். புயலில் இரண்டு நாள் யாரும் சாப்பிடவில்லை என்றான். கையில் பட்ட சூட்டுக்காயம் ஆறிவிட்டது என்றான். எந்தக் காயம், எப்போது என்று ஏழு பேரும் ஒரே குரலில் குடைந்தார்கள். மூன்று வினாடி வாய் மூடியிருக்க அவர்களால் முடியாது. ஏழு கோடுகளும் பூஜ்யத்திலேயே துள்ளின. எட்டாவது கோட்டில் மட்டும் எண் ஏறிக்கொண்டிருந்தது. ஒன்பது. பத்து. பதினொன்று.

ரோவீனா அதைப் பார்த்தாள். ஜன்னல் வழியே அம்மாவையும் பார்த்தாள். அம்மா அசையவில்லை, கண் மூடியிருந்தது, உதடு ஒட்டியிருந்தது. பதின்மூன்று. இன்னும் ஏழு வினாடியில் லைன் கட்டாகும், விதி ஒழியும், நான் ஜெயிப்பேன் என்று ஒரு கணம் அவள் மனம் குதித்தது. அடுத்த கணமே வெட்கத்தில் உடம்பெல்லாம் எரிந்தது. மூன்று வருஷத்துக்கு அப்புறம் இன்றைக்குத்தான் கேட்கிறாள், அதையும் நான் பறித்து ஜெயிக்க வேண்டுமா? சோதனையும் வேண்டாம் ஒரு மண்ணாங்கட்டியும் வேண்டாம், அம்மாவிடம் சொல்லிவிடுவோம் என்று அவள் எழுந்தாள்.

அவளுக்கு முன்னாலேயே ஓல்சன் எழுந்துவிட்டார். நூடுல்ஸ் தட்டு ஒரு பக்கம் கவிழ, ஆறடி மனிதர் நாற்காலியைத் தாண்டி, சமையலறையில் ஒரு பாத்திரத்தை உருட்டி, கொல்லைப்புறம் ஓடினார். தூரத்துச் சத்தத்தை அந்த ஃபோன் கணக்கில் எடுக்காது. வாய்க்கு அருகே எழும் ஒலியைத்தான் எடுக்கும். அதையும் எழுதியவர் அவர்தான். பெர்லாவின் முகத்தருகே குனிந்து, ஃபோனுக்குள் ஓங்கி இருமினார்.

"ஹக்கும்!"

கூடத்தில் திரையைப் பார்த்துக்கொண்டிருந்த ரோவீனா, பத்தொன்பது பூஜ்யமானதைக் கண்டாள்.

பெர்லா திடுக்கிட்டுக் கண் திறந்தாள். ஓல்சன் விரலை உதட்டில் வைத்து, ஒன்றுமில்லை, கேளுங்கள், கேளுங்கள் என்று சைகை காட்டினார். அவள் மறுபடி கண் மூடிக்கொண்டாள். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றார். பதினெட்டு வினாடி ஆனதும் இன்னொரு தடவை இருமினார்.

"யாரது இருமறது?" என்றான் ரெனான்ட்டே. "அம்மாவா? அம்மாவுக்கு உடம்பு சரியில்லையா? ஏன் யாரும் எங்கிட்ட சொல்லல?"

"நான் இல்லடா" என்றாள் பெர்லா. "ஒரு வெள்ளைக்காரர்."

"வெள்ளைக்காரர் எதுக்கும்மா உன் ஃபோன்ல இருமறாரு?"

"தெரியலடா. பாவம், நல்ல மனுஷனாத்தான் தெரியறாரு. நீ சொல்லு."

அவன் சொன்னான். அக்டோபரில் ஊருக்கு வருவதாகச் சொன்னான். ஏழு பேர் கூச்சல் போட்டார்கள். பெர்லா பேசவில்லை, கன்னத்தில் நீர் ஓடியது. பதினெட்டு வினாடிக்கு ஒரு தடவை ஓல்சன் குனிந்து இருமினார். முதலில் பொய்யாகத்தான் இருமினார். பத்தாவது தடவைக்கு மேல் தொண்டை உண்மையாகவே கரகரத்துவிட்டது. இருமிவிட்டு நிமிரும்போதெல்லாம் ஜன்னலில் நின்ற ரோவீனாவைப் பார்த்து, என்ன செய்வது என்பதுபோலத் தோளைக் குலுக்கினார். அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரிக்கச் சிரிக்க அழுகையும் வந்தது, துடைத்துக்கொள்ளக்கூடத் தோன்றவில்லை.

ஏழு நிமிஷம் அப்படிப் போனது. பிறகு அட்டை தீர்ந்து ரெனான்ட்டேவின் குரல் நின்றது. நெமெசியோ மாமா அதே மூச்சில் அடுத்த பாட்டைத் தொடங்கினார்.

பெர்லா நேராகச் சமையலறைக்குள் போய், பெரிய கோப்பை நிறைய இஞ்சி டீ போட்டுக்கொண்டு வந்து ஓல்சன் கையில் திணித்தாள். "இவ்வளவு இருமலை வெச்சுக்கிட்டு யாராவது திருவிழாவுக்கு வருவாங்களா? உங்க வீட்ல பாத்துக்க ஆள் இல்லையா? குடிங்க, சூடா குடிங்க!"

ஓல்சன் வாங்கிக் குடித்தார். கண்ணில் நீர் வரக் காரமாக இருந்தது. குறிப்பேட்டை இழுத்து, முழங்காலில் வைத்து எழுதி, ரோவீனாவின் பக்கம் திருப்பினார். அவள் வாசித்தாள்: "துண்டிப்பு: இல்லை. சோதனையாளர் இருமியது: இருபத்து மூன்று முறை. இருபது வினாடி விதியை நீக்க வேண்டுகிறேன்."

"குழுவுல சிரிப்பாங்களே சார்" என்றாள் ரோவீனா.

"சிரிக்கட்டும். எட்டுன்னதுக்கும் சிரிச்சோம்" என்றார் அவர், கரகரத்த குரலில்.

ஃபிதெலா அத்தை ஓடிவந்து ரோவீனாவைக் கட்டிக்கொண்டாள். "பாத்தியா? ஒருத்தருக்கும் கட்டாகல! விட்டுக்குடுப்போமா உன்னை?" ரோவீனா அவள் கன்னத்தில் முத்தம் கொடுத்தாள். உண்மையைச் சொல்ல மனம் வரவில்லை.

பெர்லா இன்னும் ஃபோனைக் கையில் வைத்திருந்தாள். ரோவீனா அவள் பக்கத்தில் போய் நின்றாள்.

"தம்பிகிட்ட என்னம்மா பேசினே?"

"நான் எங்கடி பேசினேன்? அதுக்கெல்லாம் எங்க நேரம்?" என்றாள் பெர்லா. "முழுசா கேட்டேன்."