குளவிக்காரனின் நாற்காலி

ஆகஸ்டில் எதிர்வீட்டு இமோஜீன் பழைய சாமான்களை வாசலில் பரப்பி விற்றாள். கிழிந்த சோபா, குழந்தை சைக்கிள், நடுவில் அவள் புருஷன் க்ளோவிஸின் பழுப்பு நிறச் சாய்வு நாற்காலி. க்ளோவிஸ் மீன் பிடிக்கப் போயிருந்தான். நான் பேரமே பேசவில்லை. கேட்ட காசைக் கொடுத்து, என் புருஷன் ஓடெலைக் கூப்பிட்டு, அவள் மனசு மாறுவதற்குள் நாற்காலியைத் தெருவைக் கடத்தி எங்கள் கூடத்தில் போட்டுவிட்டேன்.

அந்த நாற்காலி எனக்கு வேண்டியதில்லை. க்ளோவிஸிடம் அது இருக்கக்கூடாது, அவ்வளவுதான். பதினோரு வருடமாக அதில் உட்கார்ந்துதான் அவன் தன் கல்லூரி அணியான குளவிகளின் அமெரிக்கன் ஃபுட்பால் ஆட்டத்தை டி.வி.யில் பார்க்கிறான். அந்தப் பதினோரு வருடத்தில் எங்கள் ஹார்லன் கல்லூரியின் கோவேறு கழுதைகள், குளவிகளை ஒரே ஒரு தடவைதான் ஜெயித்தார்கள். அன்றைக்கு க்ளோவிஸ் குடல்வால் ஆபரேஷனுக்காக ஆஸ்பத்திரியில் படுத்திருந்தான். இதற்கு மேல் என்ன அத்தாட்சி வேண்டும்?

நாற்காலி இடம் மாறியதும் வேலை செய்ய ஆரம்பித்தது. குளவிகள் வாரா வாரம் உதை வாங்கினார்கள். எங்கள் கழுதைகளோ செப்டம்பர் முழுக்க ஒரு ஆட்டம்கூடத் தோற்கவில்லை. நான் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவள். சனிக்கிழமை நாங்கள் ஜெயித்தால் திங்கட்கிழமை ஒவ்வொரு நிறுத்தத்திலும் இரண்டு தடவை ஹாரன் அடிப்பது என் வழக்கம். குளவிக் குடும்பத்துப் பிள்ளைகள் ஏறும் நிறுத்தத்தில் மூன்று. அந்த மாதம் அடித்த அடியில் ஹாரனே கம்மிப்போனது.

அக்டோபரில்தான் புத்தி கெட்டேன். குளவிகளும் கழுதைகளும் மோதும் ஆட்டத்தை ஒரு வருடம் க்ளோவிஸ் வீட்டிலும் ஒரு வருடம் எங்கள் வீட்டிலும் சேர்ந்து பார்ப்பது எங்கள் தெரு வழக்கம். இந்த வருடம் எங்கள் முறை. வறுத்த கோழியைத் தட்டில் அடுக்கிக்கொண்டு நான் அடுக்களையில் நிற்கிறேன். க்ளோவிஸ் உள்ளே வந்து, தன் நாற்காலியைப் பார்த்து, அதில் உட்கார்ந்துவிட்டான். விருந்துக்கு வந்தவனை எழுந்திரு என்று எந்த வாயால் சொல்வது? ஒரு பாயிண்டில் தோற்றோம். எங்கள் அணிப் பையன் கடைசியாக உதைத்த பந்து கம்பத்தில் பட்டுத் திரும்பியது. க்ளோவிஸ் நாற்காலியின் கையைத் தட்டிக்கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போனான்.

அந்த ஒன்றைத் தவிர வேறெதிலும் நாங்கள் தோற்கவில்லை. நவம்பர் கடைசிச் சனிக்கிழமை, பகல் ஆட்டத்தையும் இருபத்து நாலு பாயிண்டில் ஜெயித்தோம். இனி ஒன்றுதான் பாக்கி. இரண்டரை மணிக்குத் தொடங்கும் ஆட்டத்தில் எங்களோடு முதலிடத்துக்குப் போட்டிபோடும் கரடிகள் அணியைக் குளவிகள் தோற்கடித்தால், லீக் பட்டத்துக்கான ஆட்டத்துக்கு பர்மிங்ஹாம் போகப்போவது நாங்கள். கரடிகள் ஜெயித்தால் அவர்கள். ஒன்பது வயதிலிருந்து கழுதைகளின் பச்சைச் சட்டை போடுகிறேன். நாற்பத்து மூன்று சீசன். ஒரு தடவைகூட நாங்கள் அந்த ஆட்டத்துக்குப் போனதில்லை.

பாதி ஆட்டம் முடிந்தபோது குளவிகள் பதினேழு-பூஜ்யம் என்று பின்தங்கிக் கிடந்தார்கள். ஓடெல் டி.வி.யைப் பார்த்தார். நான் உட்கார்ந்திருந்த நாற்காலியைப் பார்த்தார்.

"வெர்னா, அதக் கொண்டுபோய்க் குடுத்துரு."

பத்து நிமிடம் அவரோடு சண்டை போட்டேன். பிறகு புல்வெட்டும் வண்டிக்குப் பின்னால் தள்ளுவண்டியைக் கட்டி, நாற்காலியை ஏற்றி, நானே ஓட்டிக்கொண்டு தெருவைக் கடந்தேன்.

க்ளோவிஸ் சாப்பாட்டு மேஜை நாற்காலி ஒன்றில் விறைப்பாக உட்கார்ந்திருந்தான். நாங்கள் இறக்கி வைத்ததை முழுசாகப் பார்த்தான்.

"நாங்க ஜெயிச்சா நீங்க பர்மிங்ஹாம் போவீங்க. அதுக்குத்தான இந்தக் கரிசனம்?"

"ஆமா. உக்காரு."

"நாப்பது பாயிண்ட்ல தோத்தாலும் தோப்பேன். உங்கள என் முதுகுல தூக்கி அனுப்பமாட்டேன், தாயே."

எனக்கு அவன்மேல் கோபமே வரவில்லை. அவன் இடத்தில் நானாக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

ஆனால் நாற்காலி அந்த வீட்டுக்குள் வந்ததே போதும்போல. குளவிகள் பந்தைக் கோடு தாண்டிக் கொண்டுபோய் ஒரு டச்டவுன் போட்டார்கள், ஏழு பாயிண்ட். இன்னொன்று போட்டார்கள். பதினேழு-பதினாலு. க்ளோவிஸ் எழுந்து நின்றான், நடந்தான், நாற்காலியைச் சுற்றி வந்தான், உட்காரமட்டும் இல்லை. இமோஜீன் சோபாத் தலையணையைக் கடித்துக்கொண்டிருந்தாள். நாற்பது வினாடி மிச்சம், பந்து குளவிகள் கையில், டச்டவுன் கோட்டுக்குப் பன்னிரண்டு கெஜம். பந்து வைத்திருந்த குளவிப் பையனைக் கரடிகள் கவிழ்த்துப் போட்டார்கள். பன்னிரண்டு, இருபதானது.

"நாப்பத்து மூணு வருஷம், க்ளோவிஸ்," என்றேன். "இன்னொரு தடவ இப்படி ஒரு டீம் எனக்கு வாய்க்காது."

அவன் என் பக்கம் திரும்பவில்லை. திரையில் அவன் பையன்கள் மஞ்சள் ஹெல்மெட்டோடு வரிசையில் குனிந்து நின்றார்கள். அவன் கை தானாகப் பின்னால் போய்த் துழாவியது. உட்கார்ந்தான். எனக்காக இல்லை, அது எனக்கு நன்றாகத் தெரியும். பக்கத்துப் பிடியை இழுத்தான், கால்பலகை டடக்கென்று எழும்பியது. பந்து மேலே போனது, ஒரு மஞ்சள் சட்டை மூலையில் எம்பியது, பிடித்தது.

இருபத்தொன்று-பதினேழு. பச்சைச் சட்டையோடு நான் குளவிகளின் பெயரைச் சொல்லிக் கத்தினேன். கர்த்தர் மன்னிக்கட்டும். இமோஜீனும் நானும் கட்டிப்பிடித்துக் குதித்தோம். க்ளோவிஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டான். பிறகு நாற்காலியின் இரண்டு கைகளையும் இறுகப் பற்றினான்.

"அடுத்த சனிக்கிழமையும் இதுலதான் உக்காருவேன், வெர்னா. உங்களுக்கு எதிரா ஆடுறவங்களுக்காக."

இதை நான் யோசிக்கவே இல்லையே! நாற்காலியைத் திரும்பக் கேட்டேன். கொடுத்தது கொடுத்ததுதான் என்றுவிட்டான். அந்த வாரம் முழுக்க எனக்கு ஒழுங்கான தூக்கமில்லை. செவ்வாய்க்கிழமை பீகன் பருப்புப் பலகாரம் சுட்டுக் கொண்டுபோனேன். பலகாரம் உள்ளே போனது, நாற்காலி வெளியே வரவில்லை. வியாழக்கிழமை இமோஜீன் மொபைல் என்ற ஊரில் இருக்கும் அக்கா வீட்டுக்குக் கிளம்பிப் போனாள். அவளிடம் கெஞ்சலாம் என்ற வழியும் அடைந்தது.

சனிக்கிழமை காலையில் காரில் பச்சைக் கொடியைக் கட்டிக்கொண்டு புறப்பட்டோம். எதிர்வீட்டுப் புல்தரையில் நாற்காலி கிடந்தது. மேலே தார்ப்பாய் போர்த்தி, நைலான் கயிறு சுற்றி, மூன்று முடிச்சு. பக்கத்தில் க்ளோவிஸ் இலைகளை வாரிக்கொண்டிருந்தான்.

கண்ணாடியை இறக்கினேன். "என்னய்யா இது?"

"இமோஜீன் கார்ப்பெட் கழுவுறா. எல்லாச் சாமானையும் வெளிய போடச் சொல்லிட்டா." அவன் இலைகளையே பார்த்தான். "இன்னைக்கு நின்னுக்கிட்டுத்தான் ஆட்டம் பாக்கணும் போல. போங்க போங்க, வண்டி நிறுத்த எடம் கெடைக்காது."

இமோஜீனின் கார் இன்னும் அக்கா ஊரிலிருந்து வரவில்லை. ஆட்டத்துக்கு முன்னால் ஹாரன் அடிப்பது ஆகாது, நாற்பத்து மூன்று சீசனில் அடித்ததே இல்லை. ஓடெலின் கைக்கு மேலாக எட்டி, மூன்று தடவை அடித்தேன்.