கண்ணாடி தானாகக் கட் பண்ணுமா?

1

ஒன்றை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இது நான் யோசித்து உண்டாக்கிய கதை இல்லை, ஒட்டுக்கேட்ட கதை. ஒட்டுக்கேட்டதையாவது உருப்படியாகச் செய்தேனா என்றால் அதுவும் இல்லை. பெங்களூர் ஜோகுபாளையத்தில் ஒரு செல்போன் ரிப்பேர் கடையில், என் போன் சார்ஜ் ஏறாத வியாதிக்காக ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். மகளோடு வந்த ஓர் அம்மாள் கடைக்காரப் பெண்ணிடம் ஒரு கேள்வி கேட்டார். பதில் வருவதற்குள் நான் எழுந்து வெளியே போய்விட்டேன்.

அடுத்தவர் வீட்டு விவகாரம், நாகரிகமாக ஒதுங்கினேன் என்று என் மனைவியிடம் சொன்னேன். நாகரிகமாவது, மண்ணாங்கட்டியாவது. பயம். பதில் எதுவாக இருந்தாலும் அந்த மூன்று பெண்களின் முகத்தையும் பார்க்க எனக்குத் தெம்பில்லை.

கேள்வி இதுதான்: "கண்ணாடி ஒடஞ்ச போனு, வர்ற போன்காலை தானா கட் பண்ணுமா கண்ணு?"

2

எப்படித் தொடங்குவது என்று நாலைந்து விதமாக எழுதிப் பார்த்தேன்.

[பெங்களூரில் மழை தூறிக்கொண்டிருந்த ஒரு காலையில் சோனியா கடையின் ஷட்டரைத் தூக்கி—]

மழையே இல்லை. நல்ல வெயில். எழுத வராதபோதெல்லாம் மழையைக் கூப்பிடுவது எனக்குப் பழக்கமாகிவிட்டது.

[இன்றைய மனிதன் தன் கைபேசித் திரைக்கு முன்னால்—]

"இன்றைய மனிதன்" என்று ஆரம்பிக்கிறவனை வீட்டுக்குள் விடாதீர்கள்.

[எத்திராஜ் இறந்த இருபத்திரண்டாம் நாள்—]

இது உண்மைதான். ஆனால் செத்தவரை முதல் வரியிலேயே கிடத்திவிட்டால் நீங்கள் யார் எவர் என்று கேட்காமலே கண்ணைத் துடைத்துக்கொள்வீர்கள். அப்படி வாங்குகிற கண்ணீர் எனக்கு வேண்டாம். கடையிலிருந்தே போகலாம்.

3

சோனியாவுக்கு முப்பத்தோரு வயது.* ஆறு வருஷம் ஒரு சர்வீஸ் சென்டரில் முதுகொடிய வேலை பார்த்துவிட்டுச் சொந்தமாகக் கடை போட்டவள். அவளுக்கு ஒரு கண்டிப்பான வழக்கம் உண்டு. யார் போன் கொண்டுவந்தாலும், ஸ்க்ரூடிரைவரைத் தொடுவதற்கு முன்னால் அவர்கள் கண்ணெதிரே பழைய திரையைச் சோதிப்பாள். வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திறந்து, மேலிருந்து கீழே, ஓரத்திலிருந்து ஓரம்வரை, ஆள்காட்டி விரலால் கோடு கோடாக இழுத்து முழுத் திரையையும் நிரப்புவாள். கோடு அறுந்தால் அந்த இடத்தில் டச் போய்விட்டது என்று பொருள். பிறகு சீட்டில் "டச் ஓகே" என்றோ "டச் போச்சு" என்றோ எழுதி, வாடிக்கையாளரிடம் கையெழுத்து வாங்குவாள். முன்னொரு தடவை ஒருவன், "நல்லா இருந்த டச்சை நீதான் கெடுத்தே" என்று கடைவாசலில் நின்று கத்தியிருக்கிறான். அதிலிருந்து இந்தச் சீட்டு.

* பெயர்கள் எல்லாம் நான் வைத்தவை. "என்ன வேணா எழுதிக்குங்க சார், கடை பேரு மட்டும் வேணாம்" என்று பின்னால் அவள் கேட்டுக்கொண்டாள். என் போன் பழுதாவதற்கு முந்தைய வாரம்வரை அது எந்தக் கடை என்றே எனக்குத் தெரியாது.

அன்று காலை கடை திறந்ததும் தீபிகா வந்தாள். இருபத்தாறு, இருபத்தேழு வயதிருக்கும். கழுத்தில் ஆபீஸ் அடையாள அட்டை. "டிஸ்ப்ளே மாத்தணும்" என்று போனை நீட்டினாள்.

சோனியா வழக்கம்போலக் கோடு இழுத்தாள். கண்ணாடி நொறுங்கியிருந்ததே தவிர, ஒரு கோடுகூட அறுபடவில்லை.

"டச் பக்காவா இருக்கு மேடம். மேல் கண்ணாடிதான் போயிருக்கு. இன்னும் கொஞ்ச நாள் இப்படியே ஓட்டலாம்."

"வேணாம். மாத்திடுங்க." தீபிகா விரிசலைத் தொட்டுப் பார்த்தாள். "இந்த மாதிரி ஒடஞ்சா, கால் தானா கட் ஆகுமா?"

"சில போன்ல ஆவும். கோஸ்ட் டச்னு சொல்லுவோம். யாருமே தொடாம அதுவா அமுங்கும், அதுவா ஆடும். உங்களுதுல அது இல்ல."

தீபிகா தலையாட்டிவிட்டுச் சீட்டில் கையெழுத்துப் போட்டாள்.

சோனியா இன்னொன்றையும் கவனித்திருந்தாள். கைதவறி விழுந்த போன் பெரும்பாலும் மூலையில்தான் அடிபடும், விரிசல் அங்கிருந்து கிளம்பும். இதில் நட்டநடுவில் ஒரு குழி, அதைச் சுற்றித்தான் விரிசல். நாலு மூலையும் பளிச்சென்று இருந்தன. எதன்மேலேயோ ஓங்கி அடித்த போன். இதை அவள் கேட்கவில்லை. கேட்பது அவள் வேலையும் இல்லை.

4

இந்த இடத்தில் நான் மூன்று நாள் சிக்கிக்கொண்டேன். தீபிகாவை என்ன செய்வது?

எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். நீலசந்திராவில் அம்மா மங்களமும் அப்பா எத்திராஜும் மகளோடுதான் இருந்தார்கள். ஒருநாள் பதினொரு மணி வாக்கில் எத்திராஜ் மருந்து வாங்க வெளியே போனார். தெருமுனையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். மகளை மூன்று முறை கூப்பிட்டார். மூன்று முறையும் மணி அடித்து, வெட்டுப்பட்டது. யாரோ ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். பிழைக்கவில்லை. அவர் போன் ஒரு பிளாஸ்டிக் உறையில் வீட்டுக்கு வந்தது. அதில் கடைசி மூன்று அழைப்பும் "தீபிம்மா" என்றிருந்தது.

"என் போன் ஒடஞ்சிருந்துச்சும்மா. தானா கட் ஆயிடுச்சு" என்று தீபிகா சொன்னாள்.

மங்களம் அதைக் கேட்டுக்கொண்டார். ஆனால் காரியம் முடிந்த நாளிலிருந்து மகள் கையால் ஒரு வாய் சோறு வாங்கவில்லை. பக்கத்து வீட்டில் இரண்டு இட்லி வாங்கிச் சாப்பிட்டுவிட்டுச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார்.

நான் தீபிகாவுக்காகக் காரணங்கள் எழுதினேன். [அமெரிக்காக்காரர்களோடு முக்கியமான மீட்டிங், மேனேஜர் முறைக்கிறான், அவள் விரல் தயங்கி—] பொய். விரல் தயங்கியே இருக்காது. எத்திராஜ் தினமும் பதினொரு மணிக்குக் கூப்பிடுகிற மனுஷன். கேஸ் தீர்ந்துபோச்சு, டி.வி.யில் சத்தம் வரல, மத்தியானம் சாப்ட்டியா, இல்லாவிட்டால் ஒன்றுமே இல்லை, சும்மா. அவளும் தினமும் வெட்டுவாள், மத்தியானம் திருப்பிக் கூப்பிடுவாள். அன்றைக்கும் மத்தியானம் கூப்பிட்டாள்.

(திருப்பிக் கூப்பிட்டபோது யார் எடுத்தார்கள் என்று எழுத உட்கார்ந்தேன். முடியவில்லை. விட்டுவிட்டேன்.)

இதைக் குற்றம் என்று எழுதச் சொன்னால் எனக்குக் கை வரவில்லை, ஐயா. போன வாரம்கூட என் அண்ணன் கூப்பிட்டபோது நான் வெட்டினேன். இந்தக் கதையைத்தான் எழுதிக்கொண்டிருந்தேன்! உங்கள் போனையும் எடுத்துப் பாருங்கள்.

ஆனால் போனை ஓங்கி உடைத்தாளே, அது? பொய்க்குச் சாட்சி தயார் செய்தாளா, இல்லை, ஆத்திரத்தில் தன்னையே அடித்துக்கொள்ள முடியாமல் அதை அடித்தாளா? இரண்டையும் எழுதிப் பார்த்தேன். இரண்டிலும் அவள் முகம் ஒன்றாகத்தான் இருந்தது.

5

இப்போது நான் கண்ணால் பார்த்தது.

மதியம் பன்னிரண்டு இருக்கும். புதுத் திரை போட்ட போன் கவுன்ட்டர்மேல் தயாராக இருந்தது. தீபிகா அம்மாவோடு வந்தாள். மங்களத்தின் கையில் துணிக்கடைக் கட்டைப் பை, வாய்வரை புடவை அடைத்தது. ஓசூரில் மகன் ராஜேஷ்குமார் வீட்டுக்குக் கிளம்பிவிட்டார். போகிற வழியில், "அந்தக் கடைய எனக்குக் காட்டு" என்றாராம்.

"நீதான் ரிப்பேர் பண்ணவளா?"

"ஆமா ஆன்ட்டி. உக்காருங்க."

"உக்கார வரல கண்ணு. ஒரே ஒரு கேள்வி. நீ பொய் சொல்றவ மாதிரி தெரியல, அதனால கேக்கறேன்."

கேட்டார். அந்தக் கேள்வியைத்தான் மேலே எழுதியிருக்கிறேன். பிறகு இதையும் சொன்னார்:

"மிஷினுதான் பண்ணுச்சுன்னு சொல்லு, இந்தப் பையைத் தூக்கிக்கினு இவகூட வூட்டுக்குப் போறேன். போய் சோறு தின்றேன். இல்லன்னா பஸ்ஸு ஏறிடறேன். அப்புறம் இவ மூஞ்சியப் பாக்க மாட்டேன்."

சோனியாவின் முழங்கை சீட்டுப் புத்தகத்தின்மேல் மெதுவாக நகர்ந்தது. அதில் "டச் ஓகே" என்று அவள் கையெழுத்தும், கீழே தீபிகாவின் கையொப்பமும் இருந்தன. நான் என் போன் தயாரா என்றுகூடக் கேட்காமல் எழுந்து வெளியே போனேன்.

6

முடிவு ஒன்று. சோனியா, "ஆமா ஆன்ட்டி, தானா கட் பண்ணும்" என்கிறாள். மங்களம் கடையிலேயே உடைந்து அழுகிறார், மகள் தலையைத் தடவுகிறார். எழுதி முடித்ததும் எனக்கே ஆறுதலாக இருந்தது. அதனால்தான் சந்தேகம் வந்தது. அன்று ராத்திரி சோற்றைப் பிசைந்து அம்மாவுக்குக் கொடுக்கிற தீபிகா என்ன நினைப்பாள்? ஜோகுபாளையம் பக்கம் இனி அவளால் நடக்க முடியுமா?

முடிவு இரண்டு. சோனியா உண்மையைச் சொல்கிறாள். மங்களம் பஸ் ஏறுகிறார். நியாயமான முடிவு. ஒரு விரல் அமுக்கியதற்கு ஒரு மகளை வாழ்நாள் முழுக்கத் தள்ளிவைக்கிற நியாயம். கிழித்தேன்.

முடிவு மூன்று. சோனியா வாயைத் திறப்பதற்குள் தீபிகாவே, "நான்தாம்மா கட் பண்ணேன்" என்கிறாள். நன்றாகத்தான் இருக்கிறது. ரொம்ப நன்றாக இருக்கிறது, அதுதான் தொந்தரவு. அவளே சொல்லிவிட்டால் சோனியா தப்பித்துக்கொள்கிறாள், நானும் தப்பித்துக்கொள்கிறேன்.

7

சரிபண்ணிய போனை அன்று மாலையே மனைவியை அனுப்பி வாங்கியிருந்தேன். வெட்கத்தை விட்டுப் பத்து நாள் கழித்து நானே கடைக்குப் போனேன். போன் திரைக்கு மேல்கண்ணாடி ஒட்ட வேண்டும் என்று ஒரு சாக்கு.

"அன்னைக்கு அந்த அம்மாவுக்கு என்ன சொன்னீங்க?"

சோனியா நிமிரவில்லை. "அது உங்க போன் இல்லியே சார்."

அவள் துணியால் என் திரையை இரண்டு முறை துடைத்தாள். தூசி இருக்கிறதா என்று வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள். பிறகு அவளாகவே பேசினாள். காலையில் நடந்ததும், நடுவில் இருந்த குழியும், அவர்கள் வாயால் கேட்ட வீட்டுக் கதையும் அப்போது அவள் சொன்னதுதான். மிச்சத்தையும் சொன்னாள்.

"பதில் சொல்ல வாயத் தொறந்தேன் சார். அந்தம்மா கவுன்ட்டருக்கு இந்தாண்ட கைய நீட்டி என் வாயப் பொத்திட்டாங்க. 'வேணாம் கண்ணு, சொல்லாத'ன்னாங்க."

"ஏன்?"

"அந்தப் பொண்ணும் அதான் கேட்டுச்சு. 'ஏம்மா பொத்தற? அவங்க சொல்லட்டும். நீ கேட்டுட்டுப் போ'ன்னு ஒரே அழுகை. அதுக்கு அந்தம்மா, 'எனக்குன்னு இந்தச் சந்தேகம் ஒண்ணுதான்டி மிச்சம் இருக்கு. பதிலக் கேட்டுட்டா, நான் எதை நெனச்சிக்கினு உன் மூஞ்சில முழிக்கறது?'ன்னாங்க. கைய இன்னும் அழுத்தறாங்க சார். என் பல்லுல படுது."

"நீங்க என்ன சொல்ல இருந்தீங்க?"

"எனக்கே தெரியாது சார். வாயத் தொறந்தேன், அவ்ளோதான்."

"அப்புறம் அவங்க பஸ்ஸுக்கா, வீட்டுக்கா—"

"ஆயித்து சார்" என்று என் போனைக் கையில் கொடுத்தாள். கடைக்கு இன்னும் இரண்டு பேர் வந்துவிட்டார்கள்.

8

ஆகவே எனக்குத் தெரிந்தது இந்தக் கணம் மட்டும்தான். மங்களத்தின் கை சோனியாவின் வாய்மேல் இருக்கிறது. கட்டைப் பை காலடியில் கிடக்கிறது.

[மங்களம் மெல்லக் கையை எடுத்து—]

இல்லை. நான் எடுக்கப்போவதில்லை. கதைசொல்லி என்ற முறையில் எனக்கு அதிகாரம் இருக்கிறது, ஒரு வரி போதும். ஆனால் கணவனைப் பறிகொடுத்தவள் தன் கையாலேயே மூடி வைத்ததைப் பிடுங்கித் திறக்க நான் யார்? முதல் நாள் எழுந்து ஓடினேனே, அந்தப் பயம் இல்லை இது. இப்போது நின்று பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

உங்களுக்குத் தெரிந்தே ஆகவேண்டும் என்றால் நீங்களே அந்தக் கையை எடுத்துவிடுங்கள். பாவம் என்று தோன்றினால் அப்படியே விட்டுவிடுங்கள். ஆனால் விட்டுவிட்டுப் போவதற்கு முன், பக்கத்தில் நிற்கிற தீபிகாவையும் ஒரு தரம் திரும்பிப் பாருங்கள். கையை எடுக்கச் சொல்லி அழுகிறவள் அவள்தான்.