கல்லின் மேல்பக்கம்

மாரிச்செல்வம் போன் செய்தபோது மதினியும் நானும் வாசலில் உட்கார்ந்து உளுந்து புடைத்துக்கொண்டிருந்தோம். நான் முனைவர் பட்டம் வாங்கிய அதே பேராசிரியரிடம் இப்போது பாறை ஆராய்ச்சி செய்கிறவன் அவன்.

"அக்கா, நா எடுத்துட்டு வந்த கல்லெல்லாம் உங்க கல்லுக்கு நேரெதிராக் காட்டுது. சாரு மறுபடி இமயமலைக்குப் போயிட்டு வான்னுட்டாக. எங்க தப்புப் பண்ணுனேன்னே தெரியலக்கா."

"நல்லாப் பாருடா" என்றேன். சொல்லும்போதே என் குரல் எனக்குக் கேவலமாக இருந்தது.

அவன் தப்பே பண்ணவில்லை. அங்கே பாறைகள் அடுக்கடுக்காகக் கிடக்கும். ஆழத்தில் வெந்த பழைய பாறை நகர்ந்து வந்து, அவ்வளவு வேகாத பாறையின்மேல் ஏறி உட்கார்ந்திருக்கும். எந்தப் பக்கமிருந்து ஏறியது என்பதை பாறைக்குள் இழுபட்டுத் திரும்பிய கனிம மணிகள் சொல்லிவிடும். ஆனால் கல்லைப் பெயர்க்கும் முன்பே மேல்பக்கம் எது, வடக்கு எது என்று அதன்மேல் அம்புக்குறி போட்டாக வேண்டும். இல்லாவிட்டால் அது வெறும் கல். நான் ஆராய்ச்சி செய்த காலத்தில், பன்னிரண்டு கற்களுக்கு அப்படிப் போட்டு, பல்கலைக்கழகத்துக்குப் போகும் வழியில் பொங்கலுக்காக மூட்டையோடு எம்.ரெட்டியபட்டிக்கு வந்தேன். வீட்டுக்கு வெள்ளையடித்துப் பாத்திரங்களை விளக்கிப்போட்ட மாரிக்கனி மதினி, சோப்புத்தூளும் தேங்காய் நாருமாக என் கற்களையும் தேய்த்து வெயிலில் வரிசையாக வைத்திருந்தார்கள்.

"ஒரே கிறுக்கலா இருந்துச்சு தங்கமாரி" என்றார்கள் பெருமையாக.

அம்புக்குறிகள் அழிந்துபோனதை நான் யாரிடமும் சொல்லவில்லை. மதினி மனசு நோகும் என்றுதான் சொல்லவில்லை என்று நினைத்துக்கொண்டேன். உண்மையில் மறுபடி மலையேறப் பயம், ஒரு வருடம் போய்விடுமே என்று பயம். சார் எந்தத் திசையை எதிர்பார்த்தாரோ அதற்குத் தோதாகப் பன்னிரண்டிலும் அம்பு வரைந்தேன். கட்டுரை வெளியானது, பட்டம் வந்தது, அண்ணன் பஸ் ஸ்டாப்பில் பிளெக்ஸ் வைத்தான். அதைத் தலைகுனிந்தபடி கடந்து போனேன். அடக்கமான பிள்ளை என்று ஊரில் பேசிக்கொண்டார்கள்.

நான் போனை வைத்ததும் மதினி முறத்தை இறக்கி வைத்தார்கள். "யாரு அது? அழுகுற மாதிரில்ல கேட்டுச்சு."

"எனக்குப் பின்னால படிக்கிற பையன் மதினி."

"பாவம். ஒனக்குத் தெரிஞ்சதச் சொல்லிக்குடுக்க வேண்டியதுதான?"

எழுந்து உள்ளே போய் வாட்ஸப்பைத் திறந்தேன். 'எங்க மதினி கல்லைக் கழுவிட்டாக' என்றுதான் கை முதலில் அடித்தது. அத்தனையையும் அழித்துவிட்டு, 'உன் கல்லு சரிடா. நான்' என்று தொடங்கினேன். அதற்கு மேல் விரல் ஓடவில்லை. நான் அடிப்பதும் நிறுத்துவதும் அவனுக்குத் தெரிந்துகொண்டே இருந்திருக்க வேண்டும். திரையில் அவன் செய்தி வந்து விழுந்தது.

'சொல்லுங்கக்கா, இருக்கேன்.'