தண்ணீர் படியேறாது

விண்ணரசிக்கு அந்தச் சிரிப்புதான் பொறுக்கவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை.

பதினேழு நாள் வேலை. கும்பகோணத்திலிருந்து தினமும் பஸ் ஏறி, திருத்துறைப்பூண்டி ராம்கி வீட்டு மாடிக்கு வந்து செய்த வேலை. இரண்டு கட்டில் அகல மேசைமேல் அவர் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த பொம்மை ரயில் ஓடும். பொம்மை என்றால் மனுஷனுக்குக் கோபம் வந்துவிடும், மாடல் என்று சொல்ல வேண்டும். தண்டவாளத்தைச் சுற்றி நம்ம ஊர் வயலும் வாய்க்காலும் அச்சு அசலாக வேண்டும் என்றார். மாதா கோயிலில் விண்ணரசி வருஷாவருஷம் போடும் கிறிஸ்துமஸ் குடிலைப் பார்த்துவிட்டுத்தான் அவளைக் கூப்பிட்டிருந்தார்.

அவளும் துணிந்து ஜவுளிக்கடை வேலையை விட்டாள். ஞாயிற்றுக்கிழமை ராம்கியின் சிநேகிதர் ராஜராஜன் சென்னையிலிருந்து பார்க்க வருகிறார். அவரிடம் இதைவிடப் பெரிய ரயில் இருக்கிறது. பிடித்தால் அந்த வேலையும் இவளுக்கு. பிடிக்காவிட்டால் மறுநாளே கடைக்குப் போய்ப் புடவை மடிக்க வேண்டியதுதான். திங்கட்கிழமை வரைதான் இடம் காலியாக இருக்கும் என்று முதலாளி சொல்லிவிட்டார்.

செவ்வாய்க்கிழமை வேலை முடிந்தது. அன்றைக்குப் பார்த்து ராம்கியின் மனைவி தங்கமணி காபியோடு மேலே வந்தாள். புருஷன் வெளிநாட்டில் இருந்த பதினாலு வருஷமும் ஒரு வேலி நிலத்தை, ஆறேழு ஏக்கரை, ஒண்டியாகக் கட்டி ஆண்டவள். மேசையை ஒரு பார்வை பார்த்தாள். குபுக்கென்று சிரித்தாள்.

"ஏம்மா, வாய்க்கால் கீழ கெடக்கு, வயல் மேல கெடக்கு. தண்ணி என்ன படியேறியா வரும்?"

"அவ கெடக்கா, நீங்க விடுங்க," என்றார் ராம்கி. "ராஜராஜன் எஞ்சினத்தான் பார்ப்பான். எனக்குப் பிடிச்சிருக்கு, போதும்."

விண்ணரசி குனிந்து பார்த்தாள். வாஸ்தவம்தான். குடிலில் காகித மலையை மேலே ஏற்றி, அடிவாரத்தில் கண்ணாடித் துண்டைக் குளமாக வைத்துப் பழகிய கை. அந்தப் பழக்கத்தில் பெத்லகேமைக் கொண்டுவந்து திருத்துறைப்பூண்டியில் இறக்கிவிட்டது பாழாய்ப்போன கை! அவமானத்தில் அவளுக்குக் காது சுட்டது. கத்தியை எடுத்து முதல் வயலைப் பெயர்த்தாள்.

"ஐயையோ! என்ன பண்றீங்க?" என்று அலறினார் ராம்கி.

"அஞ்சு நாள் இருக்கு சார்," என்றாள்.

மறுநாள் காலையில் விண்ணரசி நேரே தங்கமணியின் வயலுக்குப் போனாள். "அக்கா, உங்க வாய்க்கால நான் பார்க்கணும்."

"சேத்துல இறங்குவியா?" என்றாள் தங்கமணி.

விண்ணரசி புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினாள். தண்ணீர் உள்ளே வரும் தலைப்பு மதகிலிருந்து கடைசி வயல்வரை நடந்தாள், வடிகால்வரை நடந்தாள். எதற்கு அடுத்து எது தாழ்கிறது என்று மட்டும் பார்த்தாள். அதற்கடுத்த நாள் கொத்தனார் வேலை செய்யும் புருஷன் சகாயராஜின் மட்டம் பார்க்கும் ரசமட்டம் அவள் பையில் பஸ் ஏறியது. அவன் தேடுவான், கத்துவான். கத்தட்டும்.

வாய்க்கால் உயர்ந்தது. ஒவ்வொரு வயலும் முந்தியதைவிட ஒரு நெல்மணி கனம் இறங்கியது. தண்டவாளத்துக்கு அடியில் இளநீர்க்கடை ஸ்ட்ராவை வெட்டிப் புதைத்தாள். சேறு பளபளக்க மூன்று பூச்சு வார்னிஷ். சாயம் போட்ட சாக்கு நூலை நறுக்கி ஓரத்தில் நாற்றங்கால் வைத்தாள். நடுவயல்களை நடவுக்கு முந்தைய வெறும் சேறாகவே விட்டாள். "பச்சையே இல்லியே," என்று ராம்கி முனகியதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ராஜராஜன் வந்தார். எஞ்சினைச் சுற்றிச் சுற்றிப் படம் எடுத்தார். வயலைப் பார்த்து, "நல்லாருக்கு," என்றார். கல்யாணப் பந்தியில் சாம்பாரைச் சொல்வோமே, அந்த மாதிரி. விண்ணரசி கத்தியை எடுத்துப் பைக்குள் போட்டாள். போச்சு, நாளைக்குப் புடவைதான்.

அப்போது தங்கமணி ஒரு சொம்புத் தண்ணீரோடு வந்தாள். குடிக்கக் கொண்டுவந்தாள் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். அவள் மேசைப் பக்கம் குனிந்து, சொம்பை வாய்க்கால் தலைப்பில் விண்ணரசி வைத்திருந்த சின்ன மதகுக்கு நேராகப் பிடித்தாள்.

"தங்கம்! கரண்டு இருக்கு!" ராம்கி பாய்ந்து சுவிட்சை அணைத்தார்.

தங்கமணி விண்ணரசியைப் பார்த்தாள். விண்ணரசி ஒருமுறைகூடத் தண்ணீர் விட்டுப் பார்த்ததில்லை. ஆனாலும் சொன்னாள்:

"ஊத்துங்கக்கா."

தண்ணீர் வாய்க்காலில் ஓடியது. முதல் வயல் நிறைந்து இரண்டாவதற்குப் போனது. தண்டவாளத்தருகே வந்து நின்றுவிட்டது. மாதாவே, செத்தேன் என்று நினைத்தாள். ஸ்ட்ரா வாயில் ஒரு குமிழி உடைந்தது. அந்தப் பக்கம் தண்ணீர் எட்டிப் பார்த்தது, கடைசி வயலின் மூலைவரை பரவியது, மிச்சம் வடிகாலில் இறங்கி மேசை விளிம்பிலிருந்து ராம்கியின் காலில் சொட்டியது. தண்டவாளத்தில் ஒரு பொட்டு ஈரமில்லை.

ராஜராஜன் போனைப் பாக்கெட்டில் போட்டுவிட்டு மேசையோரம் குத்துக்காலிட்டார். "கடைமடைக்கு வந்துடுச்சேய்யா!" என்றார். அவர் அப்பா நிலமும் வாய்க்கால் முடிகிற கடைமடைதான், தண்ணீர் எட்டுவதே அபூர்வம். "எங்க வீட்டுக்கு எப்பம்மா வருவீங்க?"

விண்ணரசி அவர் பக்கம் திரும்பவே இல்லை. தங்கமணியையே பார்த்துக்கொண்டிருந்தாள். தங்கமணி கடைசி வயலில் விரலை வைத்துப் பார்த்து, முந்தானையில் துடைத்துக்கொண்டாள். இந்தத் தடவை சிரிக்கவில்லை.

"நடலாம்," என்றாள். "நாளைக்கே நடலாம்."

அதற்கப்புறம்தான் விண்ணரசி ராஜராஜன் பக்கம் திரும்பினாள்.

"நாளைக்கே வர்றேன் சார்."